இரண்டு பெட்டிப் பவளம்

அஸ்தினாபுரத்தில் நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்துக்கும் கடலுக்கும் சம்பந்தம் கிடையாது. அங்கே வருவதெல்லாம் கூடுவாஞ்சேரி பக்கத்துப் புது மனைப்பிரிவுகளின் போர்வெல் தண்ணீர், ஓட்டல்களின் மிளகாய்த்தூள், தோட்டத்து மண், பட்டறைக் கழிவுநீர். தண்ணீரைச் சுத்தமான பாட்டிலில் கொண்டுவாருங்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் யாராவது ஒருவர் ரோஸ்மில்க் பாட்டிலில் கொண்டுவந்து, "நல்லா கழுவிட்டேன் சார்" என்பார். முகர்ந்து பார்த்தால் எவ்வளவு கழுவினார் என்று தெரிந்துவிடும். இப்படிப்பட்ட இடத்துக்கு ஒரு மே மாத முற்பகலில் இரண்டு தெர்மோகோல் பெட்டிகளைச் சுமந்துகொண்டு ஓர் ஆய்வு மாணவி வந்தாள்.

நான் அங்கே தொழில்நுட்ப மேலாளர். பெயர்தான் பெரிது, அறிக்கையின் அடியில் கையெழுத்துப் போடுகிறவன், அவ்வளவுதான். அதற்குமுன் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் வேதியியல் வாத்தியாராக இருந்தேன். வேலையை விட்டுப் பல வருடமாகியும் வாத்தியார் புத்தி போகவில்லை என்று ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற வழியில் என் மனைவி சொல்லிக்காட்டுவாள். அவள் சொல்வதில் தப்பில்லை. ஆய்வுக்கூடத்துக் கதவில் நான் ஒரு தாள் ஒட்டியிருந்தேன். உள்ளே வருகிறவர்கள் குங்குமம், கண்மை, மருதாணி, வளையல், பூ எதுவும் இல்லாமல் வரவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. விலை குறைந்த குங்குமத்தில் என்னென்ன உலோகம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு துளி விழுந்தால் போதும், நல்ல தண்ணீர் கெட்ட தண்ணீராகிவிடும்.

அந்தத் தாளை நான் ஒட்டியதோடு விடவில்லை. கண்ணாடிச் சாமான் கழுவுகிற அக்கா தினமும் காலையில் வாசலில் நின்று நெற்றிப் பொட்டை அழித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். என் உதவி ஆய்வாளர் ஒரு முஸ்லிம் பெண்மணி. முப்பது வயது இருக்கும், கணவருக்குக் குரோம்பேட்டையில் செருப்புக் கடை. ரம்ஜான் முடிந்து கை நிறைய மருதாணியோடு வந்தார் என்று அவரை ஒரு வாரம் கருவிப் பக்கமே விடாமல் டைப் அடிக்க உட்காரவைத்தேன். தட்டச்சுப் பிழை ஒன்றுகூட இல்லாமல் அடித்துக் கொடுத்தார். அந்தத் தாளில் இருந்ததெல்லாம் பெண்கள் போட்டுக்கொள்கிற சாமான்கள்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மாணவி பெட்டியைத் திறந்து காட்டினாள். சிறு பிளாஸ்டிக் பைகளில் வெள்ளையாகவும் பழுப்பாகவும் கிளை கிளையாக உடைந்த துண்டுகள். கழுவுகிற அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா சார் இது, இஞ்சி மாதிரி கீது?" என்றாள்.

"இது பவளங்க்கா. செத்துப் போன பவளம்" என்றாள் மாணவி.

"கல்லு எப்டிம்மா சாவும்?"

அக்காவின் கேள்வியில் எனக்கு உள்ளூரச் சிரிப்பு வந்தது. ஆனால் எனக்கும் பதில் அரைகுறையாகத்தான் தெரியும். அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். பவளம் கல் இல்லை, உயிர். கூட்டம் கூட்டமாக ஒட்டிக்கொண்டு வாழ்கிற மிகச் சிறிய உயிர்கள். அவை தங்களைச் சுற்றிச் சுண்ணாம்பால் வீடு கட்டிக்கொண்டே போகும். தண்ணீரில் என்ன கலந்திருக்கிறதோ அது அந்தச் சுண்ணாம்புக்குள் போய் உட்கார்ந்துவிடும். உயிர் செத்தாலும் வீடு நிற்கும். அந்த வீட்டை இடித்துப் பார்த்தால் அது என்ன குடித்து வாழ்ந்தது என்று தெரியும்.

அவள் தெற்கே மன்னார் வளைகுடாக் கரையைச் சேர்ந்தவள். அப்பா படகு வைத்து மீன் பிடிக்கிறவர். இங்கே தாம்பரத்தைத் தாண்டி ஒரு கல்லூரியில் சேர்ந்து, விடுதியில் தங்கி ஆராய்ச்சி செய்தாள். முதல் பெட்டியில் இருந்தவை கரைக்குப் பக்கத்துத் தீவுகளில், படகுகள் நங்கூரம் போடுகிற இடத்தில் எடுத்தவை. இரண்டாவது பெட்டி தூரத்துத் தீவுகள். அங்கே படகு அதிகம் நிற்பதில்லை. உடைந்து விழுந்த துண்டுகளை மட்டும், வனத்துறை அனுமதி வாங்கி, எடுத்திருந்தாள். ஒரே ஒரு தடவைக்குத்தான் அனுமதி என்று கடிதத்தின் நகலையும் கொடுத்தாள்.

"எங்க பக்கம் படகுக்கு அடியில செவப்பு பெயிண்ட் அடிப்பாங்க சார். பாசி, சிப்பி எது வந்து ஒட்டுனாலும் சாகணும்னுதான் அந்தப் பெயிண்டே. அப்போ அது கரைஞ்சி பக்கத்துல இருக்க பாருக்குப் போனா, பார் மட்டும் பொழைக்குமா?"

பார் என்றால் கடலுக்கடியில் இருக்கிற பவளப்பாறைத் திட்டு. மீன் தங்குகிற இடம் அதுதான். அது வெளுத்துப் போனால் மீனும் போய்விடும். இதை அவள் அப்பாவிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள். "நான் பொறக்கதுக்கு முன்னாடியிலிருந்து அடிக்கிற பெயிண்டாம். ரெண்டு புஸ்தகம் படிச்சிட்டு வந்து எனக்குக் கடலைக் காட்டுதியான்னு கேக்காங்க சார்" என்றாள். அந்தப் பெயிண்டில் துத்தநாகம் இருக்கும். இரண்டு பெட்டிக்கும் அதன் அளவில் வித்தியாசம் இருந்தால் அவளுக்கு ஆய்வேடு உண்டு. இல்லையென்றால் மூன்று வருடம் வீண் என்று வழிகாட்டிப் பேராசிரியர் சொல்லிவிட்டாராம். அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

வேலையை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். முதல் பெட்டி எனக்கு, இரண்டாவது பெட்டி உதவி ஆய்வாளருக்கு. எது முக்கியமோ அதை மூத்தவன் எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். துண்டுகளைக் கழுவி, காயவைத்து, ஒரு சிறிய கல் உரலில் போட்டுக் கையால் மாவாக அரைக்க வேண்டும். அரைத்ததை அமிலத்தில் கரைத்து, வடிகட்டி, கருவியில் கொடுத்தால் எந்த உலோகம் எவ்வளவு என்று எண் வரும். இதில் கஷ்டமெல்லாம் அரைப்பதில்தான். அரைக்கும் அறையில் ஏசி கெட்டுப் போயிருந்தது. மாவு பறக்கும் என்பதால் மின்விசிறி போடக்கூடாது. நானே போட்ட விதி.

அந்த மே மாதத்தில் அந்த அறைக்குள் உட்கார்ந்து குனிந்து அரைத்தால் எப்படி இருக்கும் என்று தாம்பரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கோ வேர்க்குரு உடம்பு. கழுத்து, முதுகு, மார்பு எல்லாம் சிவந்து தடித்துவிடும். மாடம்பாக்கத்திலிருந்து வண்டியில் வந்து இறங்குவதற்குள்ளேயே குத்த ஆரம்பித்துவிடும். மேசை டிராயரில் வேர்க்குருப் பவுடர் டப்பா ஒன்று எப்போதும் இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை போய் முகம் கழுவி, கழுத்தில் அள்ளிப் பூசிக்கொண்டு வந்து மறுபடி உட்காருவேன். உதவி ஆய்வாளர் காலை ஏழு மணிக்கே வந்து, வெயில் ஏறுவதற்குள் தன் பங்கை அரைத்து முடித்துவிடுவார். அவர் என்னைவிட ஒழுங்கானவர் என்று அப்போதே தெரியும். அதை அவரிடம் சொன்னதில்லை.

எண்கள் வந்தன. முதல் பெட்டியில் துத்தநாகம் எக்கச்சக்கம். இரண்டாவது பெட்டியில் மிகக் கொஞ்சம். படகு நிற்கிற இடத்தில் அதிகம், படகு இல்லாத இடத்தில் குறைவு. பாடப்புத்தகத்தில் படம் போட்டுக் காட்டுகிற மாதிரி இருந்தது.

ஒன்றே ஒன்று இடித்தது. முதல் பெட்டியில் ஒரே துண்டை நான் இரண்டு தடவை அரைத்துப் பார்த்தபோது இரண்டு எண்ணும் ஒத்துப்போகவில்லை. மாணவியிடம் போனில் கேட்டேன். ஒரே துண்டிலும் ஒவ்வொரு வருட வளர்ச்சிக்கும் அளவு மாறலாம் சார் என்றாள். ஆமாம், இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். ஒரு போர்வெல் தண்ணீருக்கு இப்படி வந்திருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன். யார் செய்தது என்று கேட்டு ஆய்வுக்கூடத்தையே இரண்டாக்கியிருப்பேன். அமிலத்தை மட்டும் தனியாகப் பரிசோதித்துச் சுத்தம் பார்ப்பது உண்டு. அதுவும் சுத்தமாகத்தான் இருந்தது. அமிலத்தை யாரும் உரலில் போட்டு அரைப்பதில்லையே.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பெருமையாக இருந்தது. இத்தனை வருடம் நான் கையெழுத்துப் போட்ட தாள்களை மனை விற்கிறவர்கள் பைலில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். யாரும் படிப்பதில்லை. முதல் தடவையாக என் கையில் பிறந்த எண்ணுக்கு ஏதோ ஓர் அர்த்தம் இருந்தது. அறிக்கையை வாங்க வந்தபோது அந்தப் பெண் கொட்டானில் (சின்னப் பனையோலைப் பெட்டிக்கு அவள் சொன்ன பெயர்) கருப்பட்டி கொண்டுவந்து கொடுத்தாள். கழுவுகிற அக்காவுக்கும் ஒரு துண்டு கொடுத்தாள்.

ஜூன் கடைசியில் அவளிடமிருந்து வாட்ஸாப்பில் ஒரு படம் வந்தது. கரையில் சாய்த்து வைத்திருந்த ஒரு படகு. அடிப்பக்கம் முழுக்கப் பெயிண்ட் போய் வெறும் மரம். பக்கத்தில் சட்டையில்லாத ஒருவர் குனிந்து சுரண்டிக்கொண்டிருந்தார், முகம் தெரியவில்லை. படத்துக்குக் கீழே ஒரு குரல் பதிவு. "சார், எங்க அப்பா நான் சொல்லி இதுவரைக்கும் எதையுமே கேட்டதில்ல. இந்தப் பேப்பரைக் காட்டுனேன். வாசிக்கச் சொல்லிக் கேட்டாங்க. கீழ இருந்த உங்க கையெழுத்த ரொம்ப நேரம் பாத்தாங்க. மறுநாளு காலையில படகைக் கரையில ஏத்திட்டாங்க சார்."

அந்தப் படத்தை மனைவிக்குக் காட்டினேன். சர்ச்சில் இரண்டு பேருக்குக் காட்டினேன். அதில் ஒருவர், என்னோடு வேலை பார்த்த வாத்தியார், "கடலையே திருத்திட்டீங்க போல" என்றார். கேலிதான். ஆனாலும் எனக்கு இனித்தது.

ஆடி மாதம் காற்று திரும்பிய பிறகு ஒரு நாள் உதவி ஆய்வாளர் என் மேசைக்கு வந்து ஒரு தாளை வைத்தார். கருவியிலிருந்து எடுத்த முடிவு. மாதிரியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'தெரியாத பொடி' என்று மட்டும் இருந்தது. துத்தநாகம் கருவியின் அளவையே தாண்டி, பல தடவை நீர் சேர்த்துக் குறைத்த பிறகுதான் எண் வந்திருந்தது.

"இது எந்த வாடிக்கையாளர்?" என்றேன்.

"சார், கோவிச்சுக்காதீங்க. போன வாரம் அந்தத் தோட்டத்து மண்ணை நீங்க ஒரு தடவையும் நான் ஒரு தடவையும் அரைச்சோம்ல. உங்களோடதுல மட்டும் ஜிங்க் அதிகமா வந்துச்சு. அன்னிக்கு உங்க காலர்ல வெள்ளையா இருந்தது. எனக்கு ஒரு டவுட்."

"அதனால?"

"உங்க டிராயர்ல இருந்து ஒரு சிட்டிகை எடுத்தேன் சார்."

எனக்கு முதலில் வந்தது கோபம். என் டிராயரை யார் திறக்கச் சொன்னது என்று கத்தினேன். நான் கத்தி முடித்ததும் அவர் டிராயரிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்துத் திருப்பி என் முன்னால் வைத்தார். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது: ஜிங்க் ஆக்சைடு. துத்தநாகம்தான். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் நடத்திய பாடம். எத்தனை வருடமாகப் பூசுகிறேன், ஒரு நாள்கூடத் திருப்பிப் பார்த்ததில்லை.

இரண்டு பெட்டிக்கும் இருந்த வித்தியாசம் தீவுக்குத் தீவு இருந்த வித்தியாசம் இல்லை. ஒன்றை அவர் அரைத்தார், இன்னொன்றை நான் அரைத்தேன். அவ்வளவுதான். என் கழுத்திலிருந்து உரலுக்குள் உதிர்ந்ததைத்தான் படகுகளின் பாவம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

கழுவுகிற அக்காவுக்கு எப்படியோ விஷயம் போய்விட்டது. மறுநாள் காலையில் வாசலில் நின்று பொட்டை அழித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "டெய்லி எம் பொட்ட அயிச்சுட்டு வான்னீங்களே சார், நீங்க மட்டும் கயுத்து பூரா மாவு பூசிகினு குந்திகினு இருந்தீங்களா?" என்றாள். அவள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நான் உள்ளே போனேன். அவமானமாக இருந்தது.

மாதிரிகளின் மிச்சத்தை மூன்று மாதம் வைத்திருப்பது விதி. இரண்டு பெட்டியிலும் மிச்சம் இருந்த அத்தனையையும் உதவி ஆய்வாளர் ஒருவரே அரைத்தார். என்னை அறைக்குள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். கதவுக்கு வெளியே, நான் ஒட்டிய தாளுக்குப் பக்கத்தில், பிரசவ வார்டு வாசலில் நிற்கிறவனைப்போல இரண்டு நாள் நின்றேன். எண்கள் வந்தன. முதல் பெட்டியும் இரண்டாவது பெட்டியும் ஒன்றுதான். துத்தநாகம் இரண்டிலும் மிகக் கொஞ்சம். அந்தப் பெண்ணுக்கு எதையாவது கொடுக்க வேண்டும் என்ற ஆசையில் அதே கரைசலில், பெயிண்டில் இருக்கிற இன்னொரு உலோகமான செம்பையும் பார்க்கச் சொன்னேன். செம்பும் ஒன்றுதான்.

முதலாளியிடம் போனேன். அவர் நல்ல மனிதர். முழுவதும் கேட்டுவிட்டு, "அவங்க சந்தேகப்பட்டு ஏதாவது கேட்டாங்களா சார்?" என்றார்.

"இல்லை."

"கேக்காத கேள்விக்கு நாம ஏன் சார் பதில் சொல்லணும்?"

இதை அவர் தலையில் கட்டிவிட்டு நான் நல்லவனாகிவிட முடியாது. அவர் சொல்வதற்கு முன்பே நானும் அதைத்தான் யோசித்தேன். அந்தப் பெயிண்ட் விஷம் என்பது உலகத்துக்கே தெரியும். வழி தப்பானாலும் நான் சரியான ஊருக்குத்தானே போய்ச் சேர்ந்திருக்கிறேன் என்று நினைத்தேன். சொன்னால் ஒரு பெண்ணின் மூன்று வருடம் போகும், சொல்லாவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்றும் நினைத்தேன். இரண்டு இரவு தூக்கம் சரியாக வரவில்லை. மூன்றாம் நாள் அந்தப் படகுப் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். சுரண்டுகிறவரின் முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அவர் என் கையெழுத்தை நம்பி அதைச் செய்கிறார். அவளை வரச்சொல்லிப் போன் செய்தேன்.

திருத்திய அறிக்கையில் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. வெளிப்புறக் கலப்பு என்று எழுதுங்கள், போதும் என்றார் முதலாளி. நான், மாதிரியை அரைத்தவர் கழுத்தில் பூசியிருந்த வேர்க்குருப் பவுடர் என்று எழுதினேன். உதவி ஆய்வாளர் அதை டைப் அடித்துக் கொடுத்தார். ஒரு பிழையும் இல்லை.

மாணவி அதைப் படித்தாள். காரணம் எழுதிய வரிக்கு வந்ததும் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு முதலிலிருந்து மறுபடி படித்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சார், எங்க அப்பா படகைச் சொரண்டிட்டாங்களே."

ஆய்வேட்டைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தெரியும் என்றேன்.

"பெயிண்ட் இல்லாம ஓட்டுதாங்க. அடியில சிப்பி புடிச்சி படகு கனத்துப் போச்சி. மத்த படகெல்லாம் முன்னால போயிருது. ஊருல கேலி பண்ணுதாங்க. எம் மவ படிச்சிட்டு வந்து சொல்லியிருக்கா, பரிசோதனை பண்ணி எழுதிக் குடுத்திருக்காங்கன்னு எல்லார்கிட்டயும் அந்தப் பேப்பரைக் காட்டுதாங்க சார். இப்ப நான் போயி என்னன்னு சொல்ல?" போனை எடுத்து, "நீங்களே சொல்லிருங்க. என்னால முடியாது" என்று அப்பாவின் எண்ணை அழுத்தி என்னிடம் கொடுத்தாள்.

எடுத்தவர் என் வயதுக்காரர்தான், குரலில் தெரிந்தது. பின்னால் காற்று இரைந்துகொண்டிருந்தது. நான் இன்னார், அறிக்கையில் கையெழுத்துப் போட்டவன் என்றேன். "சொல்லுங்க சார், சொல்லுங்க சார்" என்று அவர் மரியாதையோடு பேசியது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. நடந்ததைச் சொன்னேன். எதையும் குறைக்கவில்லை.

"பவுடரா?" என்றார்.

"ஆமாங்க. நான் பூசியிருந்த பவுடர். தப்பு என்னோடது. உங்க மக மேல எந்தத் தப்பும் இல்லை."

காற்று மட்டும் கேட்டது. பிறகு, "அப்போ பெயிண்டுல தப்பு இல்லங்கீயளா?" என்றார்.

"அப்படிச் சொல்லலைங்க. துத்தநாகமும் செம்பும் ரெண்டு பக்கமும் ஒரே அளவுதான் இருக்கு. ஆனா இப்போ வர்ற பெயிண்டுல வேற மருந்தும் கலக்குறாங்க. அதைப் பார்க்கிற கருவி எங்ககிட்ட இல்லை. அதுக்குப் பவளத்தையே வேற விதமா எடுத்துப் பாதுகாத்துக் கொண்டுவரணும்."

"அப்போ பார் எதனால செத்துச்சுன்னு தெரியல."

"தெரியலைங்க."

"பெயிண்டு நல்லதா கெட்டதான்னும் தெரியல."

"தெரியலைங்க." வாத்தியாராக இருந்த காலத்திலிருந்து இந்த வார்த்தையை நான் யாரிடமும் இரண்டு தடவை அடுத்தடுத்துச் சொன்னதில்லை. அவருக்கு என்னால் கொடுக்க முடிந்தது ஒன்றுதான் என்று தோன்றியது, அதைச் சொன்னேன். "நீங்க மறுபடி பெயிண்ட் அடிச்சுக்கங்க. எங்க பேப்பரை நம்பி நீங்க கஷ்டப்பட வேண்டாம்."

"இல்ல சார்" என்றார் அவர். கோபம் இல்லை. "இத்தனை வருசமும் தெரியாமத்தான அடிச்சோம். இனியும் தெரியாமலே அடிக்கச் சொல்லுதீயளா? கெடக்கட்டும். நல்லாப் பாத்துத் தெரிஞ்ச பொறவு சொல்லுங்க, அப்போ அடிக்கேன்." பிறகு, "பிள்ளைகிட்ட போனைக் குடுங்க" என்றார்.

அவள் போனை வாங்கிக்கொண்டு படிக்கட்டுக்குப் போனாள். 'ம்' என்றும் 'சரிப்பா' என்றும் சொல்வது மட்டும் கேட்டது. திரும்பி வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தாள். மிச்சத் துண்டு ஏதாவது இருக்கிறதா சார், வேறெங்காவது கொடுத்துப் பார்க்கிறேன் என்றாள். இருந்ததையெல்லாம் மறுபடி அரைத்துத் தீர்த்துவிட்டோம் என்று உதவி ஆய்வாளர்தான் சொன்னார். வனத்துறை இன்னொரு தடவை அனுமதி கொடுக்குமா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. திருத்திய அறிக்கையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஆய்வேட்டை அவள் ஒரு வருடம் தாமதமாக, வேறொரு தலைப்பில் முடித்தாள். இரண்டு பெட்டிக்கும் வித்தியாசம் இல்லை என்பது அதில் ஒரு சிறிய பகுதியாக வந்தது. இப்போது அவள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். கிறிஸ்துமஸுக்குத் தவறாமல் போன் செய்கிறாள். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்பேன், நல்லா இருக்காங்க சார், கடலுக்குப் போயிட்டுத்தான் இருக்காங்க என்பாள். படகுக்குப் பெயிண்ட் அடித்தாரா என்று மட்டும் இதுவரை நான் கேட்டதில்லை. அடிக்கவில்லை என்று அவள் சொல்லிவிட்டால், அந்த மனிதர் இன்னும் என் பதிலுக்காகக் காத்திருக்கிறார் என்று ஆகிவிடும். என்னிடம் பதில் இல்லை.